கன்றுக்குக் காய்ச்சிய கஞ்சி

ஒச்சாயி அடுப்படியில் உட்கார்ந்து கன்றுக்குட்டிக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். குருணையைக் குழைய வேகவிட்டு, கல் உப்பை அள்ளிப் போட்டு, அகப்பையால் துழாவித் துழாவி நீர்க்க விட்டாள். கன்றுக்கு முந்தாநாளிலிருந்து கழிச்சல். நல்ல சுழியுள்ள காளைக்கன்று. அவள் தம்பி மொக்கையன் அதன் மேல் உயிரையே வைத்திருந்தான். அது நாக்கு வறண்டு படுத்துக்கிடப்பதை ஒச்சாயியால் பார்க்க முடியவில்லை. "வாயில்லாச் சீவன், தாகமா இருக்குன்னு சொல்லவா போகுது" என்று புலம்பியபடியே விறகை உள்ளே தள்ளினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் தொட்டிலில் மொக்கையனின் மகள் மாயக்காள் கிடந்தாள். இப்போதுதான் சுவரைப் பிடித்து நிற்கப் பழகிக்கொண்டிருந்த பிள்ளை. அவளுக்கும் முந்தின நாள் உச்சிப்பொழுதிலிருந்து வாந்தி, தண்ணீர் தண்ணீராக வயிற்றுப்போக்கு. அவளுக்கும் நாக்கு வறண்டுதான் போயிருந்தது. ஆனால் அவளுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்கக் கூடாது, தாய்ப்பாலும் கூடாது என்று சொல்லிவிட்டவள் இதே ஒச்சாயிதான்.

இதைக் கேட்டுவிட்டு அவளைப் பேய் என்று நினைத்துவிடாதீர்கள். நாகமலைக்கு மேற்கே இருந்த ஊர்களில் அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு இதுதான் வழக்கம். பிள்ளைக்கு வயிற்றால் போனால் வயிறு காய வேண்டும். உள்ளே ஊற்ற ஊற்றத்தான் வெளியே போகிறது என்பார்கள். கன்று விஷயத்தில் மட்டும் ஊருக்கே புத்தி தெளிவாக இருந்தது. கன்றுக்குக் கழிந்தால் கஞ்சி, பிள்ளைக்குக் கழிந்தால் பட்டினி. ஒரே கூரைக்குக் கீழே, ஒரே மனுசியின் கையால் இரண்டும் நடக்கும், ஒருவருக்கும் உறுத்தாது. நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

மாயக்காளின் தாய் அன்னக்கொடிக்கு அன்றைக்கு உறுத்தியது. காரணம் இருந்தது. அவளுடைய மூத்த மகன் விருமாண்டி இரண்டு வருஷத்துக்கு முந்தி இதே பங்குனி வெயிலில், ஊருணி வற்றிச் சேறாகிக் கிடந்த நாட்களில், இதே நோவில் போய்ச் சேர்ந்தான். பேச்சு வந்துவிட்ட பிள்ளை. கிடந்த நேரமெல்லாம் தண்ணீர் கேட்டான். பெரியவர்கள் சொன்னால் சரியாக இருக்கும் என்று அன்னக்கொடி அப்போது வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த முறை அப்படி உட்கார அவளுக்கு மனசு வரவில்லை. மார்ப்பால் கட்டி மாராப்பு நனைந்துகொண்டிருக்கிறது, பெற்ற பிள்ளை வறண்ட உதட்டைச் சப்புக்கொட்டிக்கொண்டு கிடக்கிறது. எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும்?

ஒச்சாயி கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்குப் போன சமயம் பார்த்து அன்னக்கொடி செம்பில் தண்ணீர் மொண்டாள். பிள்ளையின் வாயில் வைத்தாள். மாயக்காள் இரண்டு கையாலும் செம்பைப் பற்றி இழுத்து மடக்கு மடக்கென்று குடித்தாள். குடித்து முடித்துத் தாய் முகத்தைப் பார்த்தாள். அடுத்த நொடி குடித்ததெல்லாம் அப்படியே தரையில் வந்து விழுந்தது.

ஒச்சாயி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "பாத்தியாடி, பாத்தியா! தலபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா? ஒரு வாய்த் தண்ணி, அம்புட்டும் வெளிய வந்துருச்சு பாரு!"

அன்னக்கொடி குனிந்து தரையைத் துடைத்தாள். கண்ணெதிரே நடந்ததை எப்படி மறுப்பது? ஒச்சாயி தண்ணீர்க் குடத்தைத் தூக்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வீட்டில் அவள் சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாது. புருஷன் செத்து, பிள்ளை குட்டி இல்லாமல் பிறந்த வீடு திரும்பியவள். தம்பியை ஆளாக்கியவளும் அவள்தான், காட்டு வேலை வீட்டு வேலை எல்லாம் இழுத்துப் போட்டுச் செய்பவளும் அவள்தான்.

பிள்ளைக்குக் குடல் மேலேறிக்கொண்டது, தட்டி இறக்க வேண்டும் என்று நல்லகாமனை அழைத்து வரச் சொல்லி ஆள் போயிற்று. அந்த வட்டாரத்தில் அவர் தட்டாத குடல் கிடையாது. விழுந்து குடலேறிய பிள்ளை, பயந்து குடலேறிய பிள்ளை, ஒன்றுமே ஆகாத பிள்ளை எல்லாவற்றையும் ஒரே மாதிரி தட்டுவார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர், மாயக்காளின் வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி நீவினார். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி உள்ளங்காலில் தட்டினார். பிறகு தலையைத் தடவிப் பார்த்தார்.

"உச்சிக்குழி உள்ள போயிருச்சு தாயி. அதுல எண்ணெயை வச்சு அமுக்குங்க, மேல வந்துரும். பொழுது சாயிற மட்டும் நாக்கை நனைக்கப்படாது."

"கேட்டுக்கிட்டியா?" என்றாள் ஒச்சாயி, அன்னக்கொடியைப் பார்த்து.

அன்னக்கொடி கேட்டுக்கொண்டாள். நல்லகாமன் போன பிறகு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அந்தக் குழியைப் பார்த்தபடியே இருந்தாள். விரல் நுனி பதிகிற அளவுக்கு உச்சி உள்வாங்கியிருந்தது. கண்ணும் உள்ளே போய்விட்டது. பிள்ளை கொஞ்ச நேரம் ஈனமாக அழுதது. கண்ணில் ஈரமே இல்லை. காலையில் மாற்றிய காடாத் துணியைத் தடவினாள். வயிற்றால் போன கறை இருந்தது, மூத்திர ஈரம் இல்லை. முந்தின சாயங்காலத்திலிருந்தே மகள் ஒன்றுக்குப் போகவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சற்று நேரத்தில் அழுகையும் நின்றது. மாயக்காள் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு துவண்டு கிடந்தாள்.

"தூங்குறா பாரு. குடலு எறங்கிருச்சு" என்றாள் ஒச்சாயி நிம்மதியாக. "நல்லாத் தூங்கட்டும். எழுப்பாத."

விருமாண்டியும் இப்படித்தான் தூங்கினான். அன்றைக்கும் தூங்குகிறான் என்றுதான் சொன்னார்கள். வீட்டில் எல்லோரும் அப்பாடா என்று மூச்சுவிட்டு, மத்தியானச் சோறு தின்றார்கள். அந்தத் தூக்கத்திலிருந்து அவன் எழுந்திருக்கவில்லை.

அன்னக்கொடி பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு எழுந்தாள். "எங்கடி போற வெயில்ல?" என்று ஒச்சாயி கேட்டதைக் காதில் வாங்காமல் தொழுவத்துக்கு நடந்தாள்.

மொக்கையன் கன்றின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அது கைரேகைச் சட்டம் அமலில் இருந்த காலம். அந்த ஊர் ஆண்பிள்ளைகள் குற்றம் செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும் பொழுது சாய்ந்ததும் சாவடிக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு அங்கேயே படுத்திருக்க வேண்டும். மொக்கையனும் சாவடியில் படுத்துவிட்டு விடியக்காலம்தான் வந்திருந்தான். வந்ததிலிருந்து கன்றை விட்டு அகலவில்லை. மூங்கில் குழாயில் கஞ்சியை மொண்டு, கன்றின் கடைவாயில் செருகி, கொஞ்சம் ஊற்றுவான். அது விழுங்கும்வரை தொண்டையைத் தடவிக் கொடுப்பான். பிறகு இன்னும் கொஞ்சம். அதன் கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டுப் பார்த்தான். தோல் சடக்கென்று படிந்தது. அவன் முகம் மலர்ந்துபோயிற்று.

"பாத்தியா புள்ள, நேத்து மடிப்புப் புடிச்சா அப்படியே நின்னுச்சு. இன்னிக்கு ஓடி எறங்குது. இனிமே பயமில்ல" என்றான்.

அன்னக்கொடி அவனுக்கு முன்னால் வைக்கோல் மேல் மகளைக் கிடத்தினாள்.

"இதையும் பாருங்க."

"என்னா புள்ள இது? பிள்ளையைக் கொண்டாந்து தொழுவத்துல போடுற?"

"மகளா நெனச்சுப் பாக்காதீக. கன்னா நெனச்சுக் கையை வச்சுப் பாருங்க."

மொக்கையனுக்கு எரிச்சல் வந்தது. பிள்ளை நோவு பொம்பளைகள் பாடு, அக்காள் பார்த்துக்கொள்வாள் என்று இருந்தவன். வேண்டாவெறுப்பாகக் கையை நீட்டி மகளின் வயிற்றுத் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டான். மடிப்பு நின்றது. அவன் இன்னொரு முறை பிடித்து விட்டான். மறுபடியும் நின்றது. கண் இரப்பையை விலக்கினான். வாய்க்குள் விரலை விட்டான். நாக்கு விரலில் ஒட்டியது.

"கன்னா இருந்தா என்னா சொல்லுவீக?"

"ஒடம்புல தண்ணி வத்திப்போச்சும்பேன்."

"அப்பறம் என்னா செய்வீக?"

கஞ்சிப் பானையைப் பார்த்தான்.

"சொல்லுங்க. என்னா செய்வீக?"

"கஞ்சி ஊத்துவேன்" என்றான்.

அதற்குள் ஒச்சாயி வந்துவிட்டாள். வந்த வேகத்தில் பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "கிறுக்குப் புடிச்சிருச்சாடி ஒனக்கு? கன்னுக் கஞ்சியைப் பிள்ளைக்கு ஊத்தப்போறியா? மாடு வைக்கோல் திங்குது, நீ திம்பியா?"

"வைக்கோலா கேட்டேன் மதினி? தண்ணிதானே கேக்குறேன்."

"காலையில குடுத்தியே, நின்னுச்சா?"

"செம்போட குடுத்தேன், வந்துருச்சு. கன்னுக்கு நீங்க பானையோடவா கவுத்துறீக? கொஞ்சங் கொஞ்சமாத்தானே எறக்குறீக? நானும் அப்படிக் குடுக்குறேன்."

"நல்லகாமன் அண்ணே சொல்லிட்டுப் போனது என்னா? பிள்ளைக்கு ஒண்ணுன்னா ஆத்தாக்காரி கையால செத்துச்சுன்னு ஊரு பேசும்டி."

"பேசட்டும். ஒரு பிள்ளையைத் தாகத்தோட அனுப்பிட்டேன். இன்னொண்ணை அப்படி அனுப்ப மாட்டேன். பானையைக் குடுங்க."

ஒச்சாயி தம்பியைப் பார்த்தாள். மொக்கையன் மகளின் வயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல், "அக்கா, பானையை அவகிட்டக் குடு" என்றான். வாழ்நாளில் அவன் அக்காளை எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். ஒச்சாயி பானையைத் தரையில் வைத்தாள். வைத்த சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

அன்னக்கொடி அவசரப்படவில்லை. கஞ்சியை வெள்ளைத் துணியில் வடிகட்டினாள். கன்றுக்குப் போட்ட உப்பு பிள்ளைக்குத் தாங்காது என்று, தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி அதில் சிறுகச் சிறுக விட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தாள். கண்ணீர் கரிக்கிற அளவுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டாள். அந்த ருசி அவளுக்கு நன்றாகப் பழக்கம்.

வீட்டுக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பிள்ளையை நிமிர்த்தி மடியில் வைத்து, பால் புகட்டுகிற சங்கின் மூக்கால் உதட்டை நனைத்தாள். ஒரு சொட்டு உள்ளே போயிற்று. நாக்கு அசைந்தது. இன்னொரு சொட்டு. தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துப் பார்த்து விட்டாள். ஒரு சங்கு முழுக்க இறங்கிய பிறகு மாயக்காள் குமட்டி அதில் பாதியைத் துப்பினாள். வாசலிலிருந்து ஒச்சாயி "ம்க்கும்" என்று கனைத்தாள்.

அன்னக்கொடி வாயைத் துடைத்துவிட்டாள். வெற்றிலையை மென்று முடிக்கிற நேரம் பொறுத்தாள். மறுபடியும் ஆரம்பித்தாள், முன்னைவிட மெதுவாக. இந்த முறை நின்றது. மார்ப்பாலையும் பீய்ச்சிச் சங்கில் விட்டுக் கொடுத்தாள். சப்புகிற தெம்பு பிள்ளைக்கு இல்லை. வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, போய்க்கொண்டுதான் இருந்தது. போன பிறகு கழுவி, துணி மாற்றி, தன் கையையும் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, போனதற்கு மேலே கஞ்சி கொடுத்தாள். போவது போகட்டும், அதைவிடக் கூடுதலாக உள்ளே இருந்தால் போதும் என்று அவளாகவே ஒரு கணக்குக்கு வந்திருந்தாள். முதுகு கடுத்தது, கை மரத்தது. எழுந்திருக்கவில்லை.

ஒச்சாயி வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். "கன்னுக் கஞ்சி ஊத்துறா. எம் பேச்சு ஏறுமா? நாளைக்குத் தவுடும் புண்ணாக்கும் வைப்பா." கேட்டவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார்கள். எட்டிப் பார்த்தவர்களில் ஒருத்தி மட்டும், "எதுக்கும் கொஞ்சம் உப்புக் கம்மியா இருக்கட்டும் தாயி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கும் ஏதோ பிள்ளைக் கதை இருந்திருக்கும்.

வெயில் தாழ்ந்தது. மொக்கையன் சாவடிக்குப் போயாக வேண்டிய நேரம். போகாவிட்டால் கேஸ், கையில் விலங்கு. அவன் வாசலுக்கும் மகளுக்குமாக நடந்தான்.

"நான் இன்னிக்குப் போகலை. வாரது வரட்டும்" என்றான்.

"போங்க. நீங்க செயிலுக்குப் போனா பிள்ளைக்கு என்னா லாபம்? மாட்டை மட்டும் வண்டிக்கிட்டக் கொண்டாந்து கட்டிட்டுப் போங்க."

"எதுக்கு?"

"வெளக்கு வைக்கிற மட்டும் பாப்பேன். அதுக்குள்ள ஒண்ணுக்குப் போகலை, கண்ணைத் தொறந்து பாக்கலைன்னா, மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருவேன். வண்டியை நானே ஓட்டிக்கிருவேன்."

"இருட்டுல, பொம்பள ஒருத்தியா?"

"ஒங்களைத்தானே சாவடியில கட்டிப் போட்டிருக்கானுக. என்னையக் கட்டலையே."

மொக்கையன் மாட்டைக் கொண்டுவந்து வண்டியருகே கட்டினான். மகளின் காலை ஒரு முறை தொட்டுவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே போனான். அவனுக்கு அழுகை வந்ததைத் தெருவே பார்த்தது.

பொழுது மலைக்குப் பின்னால் இறங்கிற்று. மாயக்காள் இரண்டு முறை கண்ணைத் திறந்து மூடினாள், அவ்வளவுதான். துணி காய்ந்துதான் இருந்தது. அன்னக்கொடி எழுந்தாள். சொன்னது சொன்னதுதான், இனிமேல் உட்கார்ந்திருக்க முடியாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"மதினி, பிள்ளையைப் புடிங்க. வண்டியில வைக்கோல் போட்டுட்டு வாரேன்."

ஒச்சாயி கையை நீட்டவில்லை. அன்னக்கொடி அவள் மடியில் பிள்ளையைக் கிடத்திவிட்டு, கஞ்சிச் சட்டியையும் சங்கையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கொடு என்றும் சொல்லவில்லை, கொடுக்காதே என்றும் சொல்லவில்லை.

வைக்கோலை உதறி வண்டியில் பரப்பினாள். மேலே பழைய சேலை ஒன்றை மடித்துப் போட்டாள். வழியில் கொடுப்பதற்குக் கஞ்சி, மாற்றுத் துணி, லாந்தர் என்று ஒவ்வொன்றாக மனசுக்குள் ஓட்டிக்கொண்டே மாட்டை அவிழ்க்கப் போனாள்.

"அன்னக்கொடீ!"

ஒச்சாயி போட்ட அந்தச் சத்தத்தில் அன்னக்கொடி மாட்டுக் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

ஒச்சாயி இருந்த இடத்திலேயே அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் மடிச் சேலை தொப்பலாக நனைந்திருந்தது. நனைந்து, முழங்கால் வழியாக வழிந்து, தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. மாயக்காள் கண்ணை நன்றாகத் திறந்து வீறிட்டு அழுதாள். கன்னத்தில் இரண்டு கோடு ஈரம். ஒச்சாயியின் வலது கையில் சங்கு காலியாக இருந்தது.

"ஒண்ணுக்குப் போயிட்டாடி" என்றாள் ஒச்சாயி. "வாயைத் தொறந்து தொறந்து காட்டுனா. குடுத்தேன். குடிச்சா, போயிட்டா."

அன்னக்கொடி அப்படியே தரையில் உட்கார்ந்து மகளின் காலைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பிள்ளையை வாங்கி மாரில் அணைத்தாள். மாயக்காள் முட்டி மோதிக் காம்பைப் பற்றிக்கொண்டாள். இழுக்கிற இழுப்பில் வலித்தது. அந்த வலி அவளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லி முடியாது.

ஒச்சாயி நனைந்த சேலையை மாற்றப் போகவில்லை.

"அவன் கேட்டப்ப, நான் ரெண்டு தடவை செம்பைத் தூக்கிட்டேன்டி" என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று அன்னக்கொடிக்குக் கேட்காமலே தெரிந்தது. "நீ அந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்த. அத்தை அத்தைன்னு எங்கிட்டத்தான் கேட்டான். வாய்க்கிட்டக் கொண்டு போயிட்டேன். குடுத்தா செத்துருவானேன்னு கீழ வச்சேன். அவன் பொழைக்கணும்னு, எங் கையை நானே மாராப்பால கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

இதை அன்னக்கொடியிடம் ஒச்சாயி ஒருநாளும் சொன்னதில்லை.

"குடுத்திருந்தா இருந்திருப்பானாடி?"

தலையெழுத்து என்று சொல்லியிருக்கலாம். ஊரே அதைத்தான் சொல்லியது. நம் கையில் என்ன இருக்கிறது என்று சொல்லி அவள் கண்ணைத் துடைத்திருக்கலாம். ஆனால் அந்தப் பொய்யைச் சொன்னால் நாளைக்கு அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் இதே ஒச்சாயி குடத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காருவாள். அன்னக்கொடி அவள் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இருந்திருப்பான் மதினி" என்றாள்.

ஒச்சாயி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அன்னக்கொடியும் அழுதாள், ஒரு கையால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் விளக்கு வைக்க ஆரம்பித்திருந்தார்கள். பால் போதாமல் மாயக்காள் முகத்தைத் திருப்பிச் சிணுங்கினாள். ஒச்சாயி மூக்கைச் சிந்திவிட்டு, எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, சங்கில் கஞ்சியை மொண்டாள்.